சாம்பார் சம்பளம்

“ஏனுங்க, அடுப்பு கேஸுங்களா, வெறகுங்களா?”

வேலை கேட்டு வந்தவன் வாயைத் திறந்ததும் இதைத்தான் கேட்டான். எங்கள் சங்கத்தின் துணைத்தலைவர் கார்த்திகேயன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட மனிதர் அப்படி எழுந்திருக்க மாட்டார்.

செகந்திராபாத்தில் தமிழர்கள் நடத்தும் சங்கம் அது. சின்னக் கூடம், அதைவிடச் சின்ன கேன்டீன். வெளியே மழை. நனைந்த சாக்கு வாடையும் யாரோ கருகவிட்ட வெங்காய வாடையும் சேர்ந்து வந்துகொண்டிருந்தன. பழைய சமையல்காரர் மகள் வீட்டோடு போய்விட்டதால், ஆளுக்கு ஆள் அடுப்பில் கைவைத்துக்கொண்டிருந்த காலம்.

வாசலில் ‘சமையல் மாஸ்டர் தேவை. தமிழர் மட்டும்’ என்று ஓர் அட்டை தொங்கியது. எழுதி மாட்டியவர் கார்த்திகேயன்தான். கோபிச்செட்டிபாளையத்துக்காரர், ஐ.டி. கம்பெனியில் பெரிய பதவி. தமிழைக் காப்பாற்றியே தீருவது என்று சங்கத்தில் சேர்ந்தவர். அவருடைய பிள்ளைகள் அவரிடம் இங்கிலீஷில்தான் பேசும். வீட்டுத் தமிழைக் காப்பாற்ற அவருக்கு நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

“எந்த ஊருப்பா?” என்று குழைந்தார்.

“கேந்திரபாடாங்க.”

“கேந்திரப்பாடியா? எடப்பாடிக்கு அக்கட்டாலயா?”

வந்தவன் கொஞ்சம் யோசித்தான். “அதுக்கும் அக்கட்டாலைங்க. ரொம்பத் தொலைவுங்க.”

ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. கேந்திரபாடா ஒடிசாவில் இருக்கிறது. எடப்பாடியைத் தாண்டி, அக்கட்டால்தான். நடுவில் ஓர் ஆந்திரா கிடக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு அந்தப் பெயரைக் கேட்டதுமே புரிந்துவிட்டது. இங்கே உப்பலில் ஒரு தொழிற்சாலையில் பர்சனல் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த ஊர் பிளம்பர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பழக்க தோஷத்தில், “ஆதார் கார்டு இருக்கா?” என்று கேட்டேன்.

“ஆதார் எதுக்கு மேடம்? பேச்சே ஆதாரம்!” என்றார் கார்த்திகேயன். தலைவர் கை தட்டினார். அவர் எதற்கும் கை தட்டுவார்.

பெயர் மணி என்று சொன்னான். முழுப்பெயர் மனோரஞ்சன். திருப்பூர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசருக்கு அவ்வளவு நீளம் வாயில் நுழையாததால் மணியாக்கிவிட்டார். அங்கேயே விடுதிச் சமையலுக்கு மாறி, வருஷக்கணக்கில் சாம்பாரும் பேச்சும் கற்றுக்கொண்டான். பிறகு ஆர்டர் குறைந்து கம்பெனி படுத்ததும், உப்பலில் இருந்த மச்சானை நம்பி இங்கே வந்துவிட்டான். இதையெல்லாம் நான் கேட்டேன், சொன்னான். மற்றவர்கள் கேட்கவில்லை.

நான் ஏன் சபையில் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அன்று அவன் மாதிரிக்கு வைத்துக்காட்டிய சாம்பாரைச் சாப்பிட்டிருந்தால் நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அரவாடு

நான் எழுதும் இந்தப் பத்தியில் போன வாரம் எங்கள் குடும்பம் செகந்திராபாத் கன்டோன்மென்ட்டுக்கு வந்த கதையை எழுதியதற்கு, எங்களைப் போலவே இங்கே வேரூன்றிய பழைய தமிழ்க் குடும்பத்துக்காரர் ஒருவர் போன் போட்டுக் கோபித்துக்கொண்டார். நம் முன்னோர் பட்டாளத்தோடு கம்பீரமாக வந்தவர்களாம். பிழைக்க வந்தவர்கள் என்று நான் எழுதியது அவமானமாம்.

கம்பீரமாகத்தான் வந்தார்கள். பட்டாளத்துக்குப் பின்னால், பாத்திரம் சுமந்த கழுதைகளோடு.

ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த என் கொள்ளுத்தாத்தா துரைமார்களின் மெஸ்ஸில் பரிமாறினார். தெலுங்கில் அரவம் என்றால் தமிழ். எங்களை அரவாடு என்பார்கள். சொல்லில் குற்றமில்லை, சொல்லுகிற தொனியில்தான் எல்லாம் இருந்தது. அரவாடு குறைந்த கூலிக்கு வருவான், ஞாயிற்றுக்கிழமையும் வருவான், வந்தவன் தம்பியையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்து நம் வேலையைப் பிடுங்குவான் என்று என் அப்பா காலம் வரைக்கும் வசவு ஓடியது.

அப்பா அதற்காக வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. தம்பியையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்துதான் இருந்தார்.

இப்போது அதே குடும்பங்கள் மாலையில் அல்வால் பூங்காவில் உட்கார்ந்துகொண்டு, “இந்த பீகார்க்காரனுங்க வந்து ரேட்டையே கெடுத்துட்டானுங்க” என்று பேசுகின்றன. யாருக்கு ரேட் கெட்டது? பேசுகிறவர்களில் ஒருவரும் செங்கல் சுமந்தவரில்லை. தங்கள் வீட்டு மாடியைக் கட்டும்போது அந்தக் கெட்ட ரேட்டில்தான் கட்டினார்கள்.

தொழிற்சாலையிலும் இதே கூத்துதான். “லோக்கல் ஆளுங்க சோம்பேறி மேடம், வெளியூர்க்காரன்தான் உழைப்பான்” என்பார் லேபர் கான்ட்ராக்டர். லோக்கல் ஆளுக்கு ஐந்து மணியானால் வீடு ஞாபகம் வரும். சாவு, கல்யாணம் என்று லீவு கேட்பான். வெளியூர்க்காரனுக்கு வீடு ஞாபகம் வந்து என்ன செய்வது? ஷெட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில்தானே தூங்குகிறான். சாவுச் செய்தி வந்தாலும் ரயிலில் இடம் கிடைக்காது. ஆகவே இன்னொரு ஷிப்ட் பார்ப்பான். இதற்கு உழைப்பு என்று பெயர் வைத்து, அதை லோக்கல்காரனுக்கு எதிராகத் தூக்கிக் காட்டினார்கள். இரண்டு பேருக்கும் சம்பளம் ஏறவில்லை. கான்ட்ராக்டருக்கு மட்டும் கார் மாறியது.

என் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து நிறையப் பேர் பேசிக் கேட்டிருக்கிறேன். மனிதன் எங்கிருந்து வந்தான் என்ற கேள்வியை அவன் மேல் அக்கறைப்பட்டுக் கேட்டவர்கள் குறைவு. எவ்வளவு குறைக்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள்.

என்ன கூட்டம்?

மணி வந்த பிறகு கேன்டீனில் வரிசை நின்றது. அரைத்துவிட்ட சாம்பார், பச்சைப்பயற்றுக் கடையல், எலுமிச்சம்பழச் சாதம். கார்த்திகேயன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் “நம்ம ஊர் கைப்பக்குவம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஏதோ அவரே அரைத்துவிட்ட மாதிரி.

தீபாவளிக்குப் பிறகு அவருடைய அப்பா நாச்சிமுத்து கோபியிலிருந்து வந்து சேர்ந்தார். மனைவி தவறிப்போய், தனியாக இருக்க வேண்டாம் என்று மகன் கூட்டிவந்துவிட்டார். பெரிய பிளாட், பெரிய டி.வி. பேச மட்டும் ஆளில்லை. காலையில் சங்கத்துக்கு வந்துவிடுவார். மணி வெங்காயம் உரிக்க, அவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாய்க்கால் தண்ணீர், மஞ்சள் விலை என்று பேசிக்கொண்டிருப்பார். அவர் மணியைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பக்கத்தில் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மணி என்னிடம் ஓர் உதவி கேட்டிருந்தான். “சம்சாரத்தையும் புள்ளையையும் கூட்டியாரோணுங்கம்மா. புள்ளைய இங்க பள்ளிக்கூடத்துல சேத்தோணும். ஒரு ரூம் பாத்துக் குடுங்க.” மகளை அவன் கைக்குழந்தையாகப் பார்த்தது. அதற்கப்புறம் போனில்தான் வளர்ந்தாள். அல்வாலில் எங்கள் தெருவிலேயே ஒரு அறை பிடித்துக் கொடுத்தேன். மாஸ்டர் சம்பளம் என்பதால் வாடகைக்குத் தாங்கும் என்று கணக்கு.

மாசி மாதம் என்று நினைக்கிறேன். நாச்சிமுத்து குலதெய்வக் கோயில் திருவிழாவுக்கு ஊருக்குக் கிளம்பினார். துணைக்கு ஆள் வேண்டும். மணியைக் கூட்டிப் போகலாம் என்று தோன்றியிருக்கிறது. மகனும் பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். பெரியவர் சாதாரணமாகக் கேட்டார்: “ஊருக்குப் போகோணும் கண்ணு. ஆமா, நீ என்ன கூட்டம்?”

கொங்குப் பக்கத்தில் கூட்டம் என்றால் குலம். அதைக் கேட்டால் சொந்தமா பங்காளியா என்று தெரிந்துவிடும். பனியன் கம்பெனியில் மணியிடம் யார் இதைக் கேட்டிருப்பார்கள்?

“ஊருக்குப் போறதுன்னாலே கூட்டந்தானுங்கய்யா” என்றான் மணி, வெங்காயத்திலிருந்து தலை நிமிராமல். “ஜெனரல் பெட்டியில கால் வெக்க எடமிருக்காதுங்க. புவனேஸ்வர் வரைக்கும் நின்னுட்டேதான் போகோணும்.”

“எது வரைக்கும்?” என்றார் கார்த்திகேயன்.

“புவனேஸ்வருங்க. அங்கிருந்து கேந்திரபாடாவுக்கு பஸ்ஸுங்க.”

பெரியவர் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “அடப்பாவி, ஒரியாக்காரனா நீ? என்னமா பேசறே!” என்று அவன் முதுகில் தட்டினார். மகன் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் கழுத்துச் சங்கிலியைப் பறிகொடுத்தவர் மாதிரி இருந்தது.

மார்க்கெட் ரேட்

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. நானும் அதில் ஒருத்தி. மணியைக் கூப்பிட்டு நிற்கவைத்தார்கள்.

“ஏன் எங்களை ஏமாத்தினே?” என்றார் கார்த்திகேயன்.

“ஏமாத்தலீங்க. கேந்திரபாடான்னுதானுங்க சொன்னேன். நீங்கதானுங்க பாடின்னீங்க.”

தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக மாற்றிக்கொண்டார்.

அவனை வெளியே அனுப்பிவிட்டு கார்த்திகேயன் தீர்மானத்தைச் சொன்னார். வேலையை விட்டு எடுக்க வேண்டாம், அது மனிதாபிமானமில்லை. சம்பளத்தை மட்டும் பாதியாகக் குறைத்துவிடலாம். “தமிழ் மாஸ்டர்னு நினைச்சு அந்தச் சம்பளம் ஃபிக்ஸ் பண்ணோம். ஒடிசா ஆளுக்கு மார்க்கெட் ரேட் வேற.”

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. “கைக்கு குறைக்கணும்? போன வாரம் வச்ச சாம்பார் இந்த வாரம் ஒடியா பாஷையா பேசுது? யாராவது ஒருத்தர் நக்கோன்னு தட்டைத் தள்ளினீங்களா?”

“மேடம், ப்ளீஸ். நல்ல தமிழ்ல பேசுங்க. திஸ் இஸ் எ தமிழ் ஃபோரம்.”

ஏன் என்பதற்குக் ‘கைக்கு’, வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’ என்று ஹைதராபாத் உருது கலந்து, நான்கு தலைமுறையாக இந்த ஊரில் தமிழ் பேசுகிறவளிடம் சொல்கிறார். சரி, நல்ல தமிழிலேயே கேட்டேன். அவருடைய தம்பி அமெரிக்காவில் இருக்கிறார். அதே வேலைக்கு அங்கத்திய ஆளுக்கு ஒரு சம்பளம், விசாவில் போன தம்பிக்குக் குறைந்த சம்பளம். வேலையை விட்டால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பதால் வாயைத் திறக்க முடியாது. இந்த அநியாயத்தை கார்த்திகேயன் இதே கூடத்தில், இதே நாற்காலியில் உட்கார்ந்து, கண் கலங்கிச் சொன்னதுண்டு.

“உங்க தம்பிக்குக் கொடுக்கறதும் மார்க்கெட் ரேட்தானே?”

“அது வேற மேடம். அவன் ஸ்கில்டு.”

மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. உட்கார்ந்து செய்தால் திறமை, நின்று செய்தால் கூலி. இந்த அறிவைப் பெறத்தான் இவர்கள் லட்சக்கணக்கில் கட்டிப் படிக்கிறார்கள்.

மற்றவர்கள் கையைத் தூக்கினார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. தீர்மானம் நிறைவேறியது. ஏகமனதாக என்று எழுதிக்கொண்டார்கள். என் மனது அந்த ஏகத்தில் சேர்த்தி இல்லை போலும்.

திங்கட்கிழமைச் சாப்பாடு

மறுநாள் மதியம் தட்டை நீட்டியவர்கள் திகைத்துப்போனார்கள். சாம்பார் இல்லை, ரசம் இல்லை. சாதத்தின் மேல் பருப்பு விழுந்தது. அதில் பப்பாளிக்காயும் பூசணியும் கத்தரிக்காயும் குழைய வெந்திருந்தன. மேலே நெய்யில் பொரிந்த சீரகமும் மிளகாயும். பக்கத்தில் ஒரு கீரை வதக்கல். வாசனை நன்றாகத்தான் இருந்தது.

“என்னடா இது?” என்று கார்த்திகேயன் கத்தினார்.

“தால்மாங்க. எங்கூர்ச் சாப்பாடு.” மணி கரண்டியைக் கீழே வைக்கவில்லை. “ஒடியாச் சம்பளத்துக்கு ஒடியாச் சாப்பாடுதானுங்க வரும். சாம்பார் வேணுமுன்னா சாம்பார் சம்பளம் குடுங்க.”

வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். நாச்சிமுத்து தட்டோடு முன்னால் வந்து, “எனக்கு இன்னொரு கரண்டி போடு கண்ணு, நல்லாருக்குது” என்றார். அதுதான் மகனுக்குத் தாங்கவில்லை.

“யூ ஆர் ஃபயர்டு. கெட் அவுட்!”

தமிழ்ச் சங்கத்தில், தமிழுக்காக, தமிழில் நியாயம் கேட்டவனை இங்கிலீஷில் வெளியே போகச் சொன்னார். இதை நான் கற்பனை செய்யவில்லை. கற்பனை செய்தால் இவ்வளவு மட்டமாகச் செய்ய மாட்டேன்.

அத்தனை வீறாப்பாகப் பேசிய மணியைப் பின்கட்டில் போய்ப் பார்த்தேன். குழாயடியில் கை கழுவிக்கொண்டே இருந்தான். “டிக்கெட் எடுத்துட்டனுங்கம்மா. அடுத்த வாரம் கெளம்பறாங்க. புள்ள துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டாளாம். வராதேன்னு எப்படிங்க சொல்றது?” என்றான்.

எனக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது.

எங்கள் தொழிற்சாலைக்கு கேன்டீன் நடத்திய தெலுங்குக்காரர் ஒருவர் உப்பலில் டிபன் கடை வைத்திருக்கிறார். போன் போட்டேன். ஆள் ஒடிசாக்காரன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “சாம்பார் சேயடம் வச்சா அம்மா?” சாம்பார் வைக்கத் தெரியுமா, அவ்வளவுதான்.

அவரும் தர்மப் பிரபு இல்லை. ‘அரவ மாஸ்டர்’ என்று சொல்லிக்கொண்டால் சாம்பார் இட்லிக்கு விலை கூட்டலாம். அதில் கொஞ்சம் மணிக்கும் கொடுத்தார். அறை காலி செய்யப்படவில்லை. அடுத்த வாரம் தாயும் மகளும் ரயிலில் வந்து இறங்கினார்கள்.

சங்கத்தில் அசல் தமிழ் மாஸ்டரைத் தேடினார்கள். கோயம்புத்தூரில் ஆள் அனுப்பும் ஏஜென்ட் ஒருவரை கார்த்திகேயன் பிடித்தார். எங்கள் எல்லோர் முன்னாலும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். ஏஜென்ட் நிதானமாகக் கேட்டான்: “தமிழ் ஆளுங்களா, தமிழ் பேசற ஆளுங்களா சார்? தமிழ் பேசற ஆளுன்னா நாளைக்கே ரெண்டு பேரை அனுப்பறேன். தமிழ் ஆளெல்லாம் துபாய் போயிட்டாங்க, சார்.”

நான் சிரித்த சிரிப்பு தெருவுக்குக் கேட்டிருக்கும். கேன்டீனுக்கு இப்போது வெளியிலிருந்து டப்பாவில் சோறு வருகிறது. எந்த மொழியிலும் சேராத சோறு.

உப்பல்

சில வாரம் கழித்து, ஒரு காலையில் உப்பல் கடைக்குப் போனேன். ஆவி பறக்கும் இட்லித்தட்டுகளுக்கு நடுவில் மணி. உள்ளே அவன் மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். வாரத்தில் பாதி நாள் ஆட்டோ பிடித்து வந்துவிடுகிறாராம்.

நான் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் வாசலில் கார் நின்றது. கார்த்திகேயன். போனை எடுக்காத அப்பாவைத் தேடிப் பிடித்து வந்திருக்கிறார்.

“வாட் இஸ் திஸ்ப்பா? வீட்ல இட்லி இல்லையா? இவ்வளவு தூரம் வந்து, இவன்கிட்ட...”

“இட்லி இருக்குது. பேசறதுக்கு ஆளு இல்லையே” என்றார் பெரியவர். குரலில் கோபமில்லை. “நீ ஆபீஸ் போயிர்றே. புள்ளைக இங்கிலீஸ்ல என்னமோ சொல்லிட்டு ஓடிருதுக. உங்கம்மா போனதுக்கப்புறம் எங்கூட ஒக்காந்து நாலு வார்த்தை பேசினது இவன் ஒருத்தன்தான். அவனையும் தொரத்திட்டே. நான் எங்க போவட்டும்?”

கடையில் சாப்பிட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ் புரியாதவர்களுக்கும் அது புரிந்தது.

கல்லாவிலிருந்த முதலாளி எட்டிப் பார்த்தார். “எவரு மணி, வாள்ளு?”

மணி சட்னி ஊற்றிக்கொண்டே சொன்னான்: “மா ஊரி வாள்ளே, அன்னா.”

யார் அவர்கள் என்று முதலாளி கேட்டதற்கு, எங்கள் ஊர்க்காரர்கள்தான் என்று சொல்கிறான்.

கார்த்திகேயன் வாயைத் திறந்தார். இல்லை என்று சொல்லப் போகிறார் என்றுதான் நான் காத்திருந்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். பெரியவர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். “ஒக்காரு.”

உட்கார்ந்தார்.

“சாருக்கு என்னுங்க?” என்றான் மணி.

எதிரில் நின்றவனை அவர் ஒருநாளும் மரியாதை போட்டுக் கூப்பிட்டதில்லை. தலையைக் குனிந்துகொண்டு, வெகு மெதுவாகச் சொன்னார்:

“ரெண்டு இட்லிங்க.”